எண்ணெய்த் தொழிலில் எண்ணப்படாதவர்கள்: இழப்பீட்டுக் கோப்புகளைத் தரவாக வாசிப்போம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எண்ணெய்க் கிணறு கிடையாது. சுத்திகரிப்பு ஆலையும் கிடையாது. எனினும் எண்ணெய், எரிவாயுத் தொழில் இம்மாவட்டத்து உழைப்பாளரின் உடலைத் தொடாமல் இல்லை. கிரிவலப் பாதையை ஒட்டிய தெருக்களில் எரிவாயு சிலிண்டரைத் தோளில் ஏற்றி மாடிப்படி ஏறுபவர், பெட்ரோல் பங்கில் இரவு முழுவதும் எரிபொருள் ஆவியைச் சுவாசிப்பவர், டேங்கர் லாரி ஓட்டுபவர், மணலிக்கோ காரைக்காலுக்கோ மும்பைக்கோ ஒப்பந்தக் கூலியாகப் போகிறவர் என்று அத்தொழிற்சங்கிலியின் கடைசிக் கண்ணிகள் இங்கும் இருக்கின்றன. இவர்களில் ஒருவர் வேலையில் இறந்தால், அல்லது கையையோ காலையோ இழந்தால், அந்த நிகழ்வு அரசின் எந்தக் கணக்கில் ஏறும்? அவர் எந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பதைப் பொறுத்து ஐந்தாறு பதிவேடுகளில் ஏதேனும் ஒன்றில் ஏறும். பல வேளைகளில் எதிலும் ஏறாது.

இந்தச் சிதறலுக்கு நடுவே ஓர் ஆவணம் மட்டும் காயமடைந்தவரின் பெயர், வயது, கூலி, செய்த வேலை, விபத்தின் காரணம், ஒப்பந்ததாரர், அவருக்கு மேலிருக்கும் முதன்மை நிறுவனம் ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் தாங்கி நிற்கிறது. அது இழப்பீட்டு வழக்கின் கோப்பு. அதை ஒரு குடும்பத்தின் வழக்காக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒருசேர வாசித்தால், ஒரு தொழில் யாரை, எப்படி, எந்த இடத்தில் கொல்கிறது என்பது தெரியவரும். அப்படி வாசிக்கும் உரிமையையும் அதற்கான வழியையும் பற்றியதே இக்கட்டுரை.

ஒரு தொழில், பல பதிவேடுகள்

1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் எண்ணெய்க் கிணறுகளையும், எண்ணெய் வயலுக்குள் கச்சா எண்ணெய் கொண்டுசெல்லும் குழாய்களையும் ‘சுரங்கம்’ என்ற வரையறைக்குள் அடக்கியது. ஆகவே காவிரிப் படுகையில் துளையிடும் கோபுரத்தில் நிற்கும் தொழிலாளிக்கு நேரும் விபத்து, தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் கணக்குக்குப் போகும். அதே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குள் நுழைந்துவிட்டால் அந்த இடம் ‘தொழிற்சாலை’ ஆகிறது. விபத்து மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் கணக்குக்கு மாறுகிறது. கடல்நடுவே உள்ள தளங்களுக்கு 2008ஆம் ஆண்டின் விதிகளின்படி எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் பொறுப்பு. வயலுக்கு வெளியே குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டும்போது மண் சரிந்தால் அது கட்டுமான விபத்து. டேங்கர் லாரி கவிழ்ந்தால் அது சாலை விபத்து. சிலிண்டர் சுமப்பவரின் முதுகுத்தண்டு நகர்ந்துவிட்டால் அது எந்த விபத்தும் அல்ல. அவருடைய சொந்த உடல்நலக் குறைவு.

2021 மே மாதம் தவ்தே புயலின்போது நடந்ததை நினைவுகூர்வோம். மும்பைக் கடற்பகுதியில் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் பணிகளுக்காக ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்கியிருந்த பி-305 என்ற மிதவை, நங்கூரம் அறுந்து மூழ்கியது. வரப்பிரதா என்ற இழுவைக் கப்பலும் மூழ்கியது. இரண்டிலும் இருந்த 274 பேரில் 188 பேர் மீட்கப்பட்டனர். 86 பேர் மாண்டனர். இந்திய எண்ணெய்த் தொழிலின் அண்மைக்கால வரலாற்றில் மிகப் பெரிய உயிரிழப்புகளில் ஒன்று இது. ஆனால் இது சுரங்க விபத்தா, கப்பல் விபத்தா, இயற்கைப் பேரிடரா? ஒவ்வொரு துறையும் தன் வரையறையின் ஓரத்தில் நின்று பார்க்க இடம் இருக்கிறது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இந்த வரையறைச் சிக்கலால் எந்தப் பயனும் இல்லை. பொறுப்பைப் பங்கிட்டுக் கரைக்க விரும்புவோருக்கு மட்டுமே பயன்.

சென்னையிலும் பார்த்தோம். 2023 டிசம்பர் 27 அன்று தண்டையார்பேட்டையில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் வளாகத்தில் எத்தனால் சேமிப்புத் தொட்டி ஒன்று பழுதுபார்க்கும் வேலையின்போது வெடித்தது. ஒரு தொழிலாளி இறந்தார்; மற்றொருவர் காயமடைந்தார். பெரிய விபத்துகள் இப்படிச் செய்தியாகவாவது எஞ்சுகின்றன. ஒருவர் மட்டும் விழுந்து, ஒருவர் மட்டும் ஊனமாகி, ஊருக்குத் திரும்பிவிடும் விபத்துகள் செய்தியாகவும் எஞ்சுவதில்லை.

அமெரிக்கா கண்டறிந்த முரண்

இழப்பீட்டுத் தரவைக் கொண்டு எண்ணெய், எரிவாயுத் தொழிலாளரின் காயங்களை ஆராயும் முறை அமெரிக்காவில் வளர்ந்ததற்கு ஒரு முரண்பாடு காரணமாயிற்று. அந்நாட்டில் 2003 முதல் 2013 வரையிலான காலத்தில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் தொழிலில் 1,189 பேர் பணியில் இறந்தனர். இறப்பு விகிதம் அந்நாட்டுத் தொழிலாளர்களின் பொது விகிதத்தைப் போல ஏழு மடங்கு. ஆனால் நிறுவனங்கள் தாமாகவே தரும் தகவலின் அடிப்படையில் கணக்கிடப்படும் காயங்களின் விகிதமோ மற்றத் தொழில்களின் சராசரியைவிடக் குறைவு. இவ்வளவு பேரைக் கொல்லும் தொழில் இவ்வளவு குறைவானவர்களைக் காயப்படுத்துகிறது என்பதை நம்ப முடியுமா? இறப்பை மறைப்பது கடினம். காயத்தை மறைப்பது எளிது என்பதுதான் இதற்கு நேரடியான விளக்கம்.

அதனால் ஆய்வாளர்கள் நிறுவனத்தின் வாக்குமூலத்தை விட்டு, தொழிலாளி கேட்ட இழப்பீட்டின் பக்கம் திரும்பினார்கள். அந்நாட்டின் தேசிய தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் (நியோஷ்) 2013இல் இதற்கெனவே ஒரு மையத்தைத் தொடங்கியது. ஒஹையோ, வாஷிங்டன், வயோமிங், வட டகோட்டா ஆகிய நான்கு மாநிலங்களில் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் விற்க முடியாது; அரசு நிதியமே நடத்துகிறது. இத்தகைய இடங்களில் கோரிக்கைகள் ஒரே இடத்தில் சேர்வதால் எந்த உறுப்பில் காயம், எதனால், எத்தனை நாள் வேலையிழப்பு, என்ன செலவு என்பனவற்றைத் தொழில்வாரியாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. மறுபுறம், அந்நாட்டில் மிக அதிகமாக எண்ணெய் எடுக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் தனியார் முதலாளிகள் இழப்பீட்டுக் காப்பீடு எடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை. காப்பீடு இல்லாத இடத்தில் கோரிக்கை இல்லை. கோரிக்கை இல்லாத இடத்தில் தரவும் இல்லை.

இரண்டு பாடங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, மேற்சொன்ன 1,189 இறப்புகளில் பத்தில் நான்கு போக்குவரத்தில் நேர்ந்தவை. எண்ணெய்த் தொழிலில் மிக அதிகம் பேரைக் கொன்றது துளையிடும் கோபுரமோ தீயோ அல்ல, சாலைதான். டேங்கர் ஓட்டுநரின் சாவை ‘சாலை விபத்து’ என்று தனியே ஒதுக்கிவிட்டால் இத்தொழிலின் சாவுக் கணக்கில் பெரும்பகுதி மறைந்துவிடும். நாமக்கல்லை மையமாகக் கொண்டு ஓடும் எரிவாயு டேங்கர்களின் ஓட்டுநர்களை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, சேமிப்புத் தொட்டியின் மேல்மூடியைத் திறந்து அளவெடுத்த தொழிலாளர்களின் மரணங்கள். தனியாக வேலைசெய்த ஒருவர் தொட்டியருகே விழுந்து கிடந்தால் மாரடைப்பு என்று எழுதிவிடுவது எளிதாக இருந்தது. ஒவ்வொரு கோப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் 2010க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் ஒன்பது பேர் அதே வேலையில், அதே முறையில் இறந்திருந்தது தெரிந்தது. மூடியைத் திறந்ததும் பீறிட்டெழும் ஹைட்ரோகார்பன் வாயு அவர்களைக் கொன்றிருந்தது. 2016இல் அந்நாட்டு அரசு நிறுவனங்கள் எச்சரிக்கை வெளியிட்டன. ஒரு மரணம் விதியாகத் தெரியும். ஒன்பது மரணங்களை வரிசையாக வைத்தால் காரணம் தெரியும்.

நம் கோப்பில் என்ன இருக்கிறது

இந்தியாவில் இதற்கு நிகரான ஆவணம் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து பிறக்கிறது. பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பிற்பாடு பெயர் மாறிய இச்சட்டம், இயற்கை எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் வேலையைத் தன் அட்டவணையிலேயே பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. நூறாண்டுகளுக்கு முந்திய காலனியச் சட்டம் என்றாலும், தரவு தேடுவோருக்கு அதில் பல கதவுகள் இருந்தன.

பிரிவு 8இன்படி, இறப்புக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்துவிட முடியாது. ஆணையரிடம் செலுத்தியாக வேண்டும். நேரடியாகக் கொடுத்தது, முன்பணமாக ஏற்கப்படும் சிறு பகுதி தவிர, இழப்பீடாகக் கருதப்படாது. பிரிவு 10-ஏ, மரண விபத்து பற்றி ஆணையருக்குத் தகவல் வந்தால் முதலாளியிடம் விளக்கம் கேட்கும் அதிகாரத்தை அவருக்குத் தந்தது. பிரிவு 10-பி, மரணத்தையும் கடுங்காயத்தையும் அறிக்கையாக அனுப்பும் கடமையை விதித்தது. பிரிவு 16, எத்தனை காயங்களுக்கு எவ்வளவு இழப்பீடு கொடுக்கப்பட்டது என்ற விவரத்தை முதலாளிகளிடமிருந்து ஆண்டுதோறும் பெற அரசுக்கு அதிகாரம் தந்தது. பிரிவு 12, ஒப்பந்ததாரரின் ஆளுக்கு நேர்ந்த விபத்துக்கும் முதன்மை நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. பிரிவு 17, உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்றது.

புலம்பெயர்ந்து வேலைக்குப் போகும் நம் மாவட்டத்துக்குப் பிரிவு 21 மிக முக்கியமானது. விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்லாமல், சார்ந்தோர் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமும் மனுச் செய்யலாம். தண்டராம்பட்டிலிருந்து போனவர் கடலில் இறந்தாலும், அவர் மனைவி மும்பைக்கு அலையத் தேவையில்லை. இந்தப் பிரிவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. எண்ணெய்க் கிணறு இல்லாத மாவட்டத்தின் தொழிலாளர் அலுவலகத்திலும் எண்ணெய்த் தொழிலின் மரணக் கோப்பு இருக்க முடியும். எந்த மாவட்டத்தின் வறுமை எந்த ஊரின் தொழிலுக்கு உயிர் கொடுக்கிறது என்பதை இந்தக் கோப்புகளைக் கொண்டு வரைபடமாகவே போட்டுவிடலாம்.

கோப்பிலுள்ள பணக் கணக்கும் ஒரு தரவுதான். இச்சட்டத்தின்படி இறப்புக்கான இழப்பீடு என்பது மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்கி வரும் தொகை. முப்பது வயதுக்குக் காரணி 207.98. எவ்வளவு கூலி வாங்கியிருந்தாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படும் உச்சவரம்பு 2020 ஜனவரிக்கு முன் ரூ.8,000, அதன்பின் ரூ.15,000. அதாவது முப்பது வயதில் இறந்தவரின் உயிருக்கு இந்தச் சூத்திரம் தரக்கூடிய அதிகபட்சத் தொகை ரூ.15,59,850. பழைய வரம்பில் அது ரூ.8,31,920 மட்டுமே. ஐம்பது வயதுக்குக் காரணி 153.09 என்பதால் புதிய வரம்பிலும் ரூ.11,48,175தான். கூலிச் சீட்டே தராத ஒப்பந்ததாரரிடம் வேலை செய்தவருக்கு இந்த அதிகபட்சமும் எட்டாது. அவருடைய கூலி எவ்வளவு என்பதே வழக்கின் முதல் சண்டையாகிவிடும். ஆகவே கோப்புகளில் மெய்ப்பிக்கப்பட்ட கூலியை முதன்மை நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் காட்டிய கூலியோடு ஒப்பிட்டால், விபத்துக்கு முன்பே நடந்த திருட்டும் வெளிப்படும்.

விபத்து நடந்த நாளிலேயே இழப்பீடு கொடுபடவேண்டியதாகிவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1975இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் 12 சதவீத வட்டியும், தகுந்த காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கப் பிரிவு 4-ஏ இடம் தந்தது. விபத்துத் தேதிக்கும் பணம் செலுத்திய தேதிக்கும் இடையிலான நாட்களை எண்ணுவது ஓர் எளிய கூட்டல் கழித்தல். எந்த நிறுவனம் எவ்வளவு காலம் இழுத்தடிக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் வேண்டியதில்லை.

இவ்வளவும் இருந்தும் பொதுவெளிக்கு வருவது என்ன? மாநிலங்கள் அனுப்பும் விவரங்களைத் தொகுத்து ஒன்றிய அரசின் தொழிலாளர் பணியகம் வெளியிடும் அறிக்கையில் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் போன்ற பெருந்தலைப்புகளின் கீழ் மொத்த எண்களே கிடைக்கின்றன. எல்லா மாநிலங்களும் விவரம் அனுப்புவதும் இல்லை. கோப்பு பேசக்கூடியது, அதன் வாயைக் கட்டியது நிர்வாகம்.

கோப்புக்கு வெளியே நிற்பவர்கள்

இழப்பீட்டுத் தரவை அப்படியே உண்மையின் முழுவடிவமாகக் கொள்ளவும் கூடாது. யார் மனுச் செய்தார்கள் என்பதை மட்டுமே அது சொல்லும். மனுச் செய்யாதவர்கள் யார் என்று கேட்பதில்தான் தலித் அரசியலின் வேலை தொடங்குகிறது.

முதலில், ‘பேசி முடிக்கப்பட்ட’ மரணங்கள். சவக்கிடங்கு வாசலிலேயே ஒப்பந்ததாரரின் ஆள் ஒரு தொகையைக் கையில் திணித்து, வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கி, உடலோடு வண்டி ஏற்றி அனுப்பிவிடும் வழக்கம் தொழிலாளர் வழக்குகளில் புழங்கும் எவருக்கும் தெரியும். மேலே சொன்ன 8, 17 ஆகிய பிரிவுகளின்படி அந்தக் கைநாட்டால் உரிமை அழியாது. ஆனால் மனுச் செய்ய இரண்டாண்டு காலவரம்பு உண்டு. தக்க காரணம் இருந்தால் ஆணையர் தாமதத்தை மன்னிக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. ஊரில் யாருடைய நிலத்தை நம்பி வாழ்கிறார்களோ அவருடைய உறவினரே ஒப்பந்ததாரராக இருக்கும்போது, வழக்குப் போடுவது என்பது ஊரையே பகைத்துக்கொள்வது. சட்டத்தில் உள்ள உரிமை சேரியின் எல்லைவரை வந்து நின்றுவிடுகிறது.

அடுத்து, வேறு வாசல்களுக்குப் போகும் வழக்குகள். சாலையில் இறந்தவருக்காக மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழோ இழப்பீட்டுச் சட்டத்தின் கீழோ, இரண்டில் ஒன்றில் கோரலாம். தீர்ப்பாயத்தில் தொகை கூடுதலாகக் கிடைக்க வாய்ப்புள்ளதால் வழக்கறிஞர்கள் அங்கேயே போகிறோம், போவதும் சரியே. ஆனால் டேங்கர் ஓட்டுநர் அத்துடன் எண்ணெய்த் தொழிலாளி என்ற அடையாளத்தை இழக்கிறார். ஆலைகளில் இ.எஸ்.ஐ. வளையத்துக்குள் இருப்பவர்கள் இழப்பீட்டு ஆணையரிடம் வர முடியாது; அவர்களின் ஊனமும் மரணமும் இ.எஸ்.ஐ. கழகத்தின் கணினியில் தங்கிவிடுகின்றன.

மூன்றாவது, நோயாகவும் இயற்கை மரணமாகவும் எழுதப்படுபவை. வேலையின் அழுத்தத்தால் வழியில் மயங்கி விழுந்து இறந்த லாரி ஓட்டுநரின் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2012இல் பரம் பால் சிங் வழக்கில் கூறியது. மாரடைப்பு என்ற ஒற்றைச் சொல்லால் பொறுப்பைத் துடைத்துவிட முடியாது என்பதற்கு இது நல்ல முன்னுதாரணம். ஆயினும் உடற்கூறாய்வு செய்யப்படாத உடலுக்கு எந்த முன்னுதாரணமும் உதவாது.

இந்த விடுபடல்கள் இருப்பதால் தரவு பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் எண்ணிக்கை, ஆலை ஆய்வாளரின் எண்ணிக்கை, மோட்டார் தீர்ப்பாயத்தின் எண்ணிக்கை, இ.எஸ்.ஐ.யின் எண்ணிக்கை ஆகியவற்றோடு இழப்பீட்டுக் கோப்புகளை ஒப்பிடும்போது, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத ஒவ்வொரு பெயரும் ஒரு கேள்வியாகிறது. தரவின் ஓட்டைகளே குற்றத்தின் தடயங்கள்.

மலக்குழி மரணங்கள் கற்பித்தது

இது நடக்காத காரியம் என்பவர்களுக்கு நம் இயக்கங்களிடமே விடை இருக்கிறது. பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறந்தவர்களை இந்த அரசு ஒருபோதும் தானாக எண்ணவில்லை. சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் போன்ற அமைப்புகள் தெருத்தெருவாகப் போய்ப் பெயர்களைச் சேர்த்தன, நீதிமன்றத்தில் வைத்தன. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் ரூ.10 லட்சம் வழங்க ஆணையிட்டது. பணம் கொடுக்க வேண்டுமென்றால் இறந்தவரைக் கண்டுபிடித்தாக வேண்டும். இழப்பீடே கணக்கெடுப்பாயிற்று. 2023 அக்டோபர் 20இல் பல்ராம் சிங் வழக்கில் அத்தொகை ரூ.30 லட்சமாக உயர்த்தப்பட்டது. நிரந்தர ஊனத்துக்கு ரூ.20 லட்சம் என்றும் வரையறுக்கப்பட்டது.

அரசு அதன்பின்னும் சொற்களில் ஒளியப் பார்த்தது. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில், கையால் மலம் அள்ளுவதால் இறந்தவர் எவரும் இல்லை என்று அமைச்சர் பதிலளித்தார். சாக்கடைக்குள் இறங்கி இறந்தவர்கள் ‘அபாயகரமான துப்புரவு’ என்ற வேறு தலைப்புக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். வரையறையை மாற்றிச் சாவை மறைக்கும் கலையை எண்ணெய்த் தொழிலுக்கும் முன்பே நம்மீது பழகியவர்கள் இவர்கள். ஆயினும் எண்ணிக்கை நின்றது, சாதியும் பதிவாயிற்று. நமஸ்தே திட்டத்தின் கீழ் 2024 வரை சரிபார்க்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களில் 68.9 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர் என்பதை ஒன்றிய அரசின் தரவே ஒப்புக்கொண்டது.

சாக்கடையில் கொல்லும் ஹைட்ரஜன் சல்ஃபைடும், கந்தகம் மிகுந்த கச்சா எண்ணெய்த் தொட்டியில் கொல்லும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஒரே நஞ்சுதான். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்து, எச்சரிக்கையின்றி வீழ்த்திவிடும். உள்ளே விழுந்தவரைத் தூக்கப் போன இரண்டாமவர், மூன்றாமவர் என அடுத்தடுத்து இறப்பதும் இரண்டு இடங்களிலும் ஒன்றே. ஆனால் எண்ணெய்க் கசடு படிந்த தொட்டிக்குள் இறங்குபவர் 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுதல் தடைச் சட்டத்தின் வரையறைக்குள் வரமாட்டார். அவருக்கு ரூ.30 லட்சம் இல்லை. மேலே கண்ட சூத்திரம்தான். ஒரே வாயு, ஒரே வகையான குழி, ஒரே கூலி வர்க்கம். ஒரு மரணத்தை மட்டும் நாம் போராடி எண்ண வைத்தோம்; இன்னொன்றை இன்னும் எண்ண வைக்கவில்லை.

விடுபட்ட கட்டம்

பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்குச் சாதியை எண்ணத் தெரியாது என்று சொல்ல முடியாது. இடஒதுக்கீட்டின் காரணமாக நிரந்தர ஊழியர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை, பழங்குடியினர் எத்தனை என்ற அட்டவணையை அவை ஆண்டறிக்கையிலேயே அச்சிடுகின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் என்ற கோட்டைத் தாண்டியதும் அந்த அட்டவணை நின்றுவிடுகிறது. பாதுகாப்பான நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்குச் சாதிக் கணக்கு உண்டு. தொட்டிக்குள் யார் இறங்குகிறார்கள் என்பதற்கு இல்லை.

சாதி என்பது உழைப்பைப் பிரிப்பதோடு நில்லாமல் உழைப்பாளரையே படிநிலைகளாகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே எடுத்துக்காட்டினார். வைசிராயின் செயற்குழுவில் தொழிலாளர் துறையை அவர் வகித்த காலத்தில், 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தாமே இறங்கிப் பார்த்தார். அதே ஆண்டு, போரினால் காயமுறும் தொழிலாளருக்கு முதலாளிகளே பொறுப்பு என்று விதித்து, அதற்குக் காப்பீட்டையும் ஏற்படுத்திய மசோதாவை அவர் அவையில் முன்வைத்தார். தொழிலாளியின் காயம் அவருடைய தனிப்பட்ட துயரம் என்ற கருத்தை ஏற்காமல், அது பொறுப்பேற்க வேண்டிய ஒருவரின் கடன் என்ற நிலையை அவர் எடுத்தார். அந்த மரபில் நிற்பவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது: அபாயம் யாருக்குப் பங்கிடப்படுகிறது?

2027ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. வாழ்பவரின் சாதியை எண்ணத் துணிந்த அரசு, வேலையில் இறந்தவரின் சாதியை எண்ண மறுப்பதற்கு என்ன நியாயம் சொல்லும்?

இப்போது ஏன், எதைக் கேட்க வேண்டும்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போயின. சுரங்கச் சட்டம், தொழிற்சாலைகள் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஆகியவை பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போயின. பழைய ஆணையரின் இடத்தில் ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ வந்திருக்கிறார். ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான வரம்பு 20 பேரிலிருந்து 50 பேராக உயர்ந்துவிட்டது. மின்விசையுடன் இயங்கும் இடம் தொழிற்சாலை எனக் கருதப்படுவதற்கான வரம்பு 10 பேரிலிருந்து 20 பேரானது. நாற்பது ஆட்களை வைத்துத் தொட்டி சுத்தம் செய்யும் ஒப்பந்ததாரர் ஒரு பதிவேட்டிலிருந்து நழுவுகிறார். இந்நிலையில் இழப்பீட்டுக் கோப்பு மட்டுமே அவரைச் சட்டத்தின் கண்முன் நிறுத்தும் ஆவணமாக மிஞ்சலாம். பழைய படிவங்கள் போய்ப் புதியவை வரும் காலம் இது. படிவத்தில் எந்தக் கட்டம் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு உரிய நேரமும் இதுவே.

நம் கோரிக்கைகள் திட்டவட்டமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் ஒவ்வொரு இழப்பீட்டு அலுவலகமும் பெயர்களை நீக்கிய அட்டவணையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். வயது, பாலினம், செய்த வேலை, காயத்தின் தன்மை, காரணம், மெய்ப்பிக்கப்பட்ட கூலி, முதன்மை நிறுவனம், விபத்துக்கும் பணம் செலுத்தியதற்கும் இடைப்பட்ட நாட்கள் ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கோப்பிலும் தேசியத் தொழில் வகைப்பாட்டு எண் இடப்பட வேண்டும். 2008ஆம் ஆண்டின் வகைப்பாட்டில் கச்சா எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கு 06, அதற்கான துணைப்பணிகளுக்கு 09, சுத்திகரிப்புக்கு 19, எரிபொருள் சில்லறை விற்பனைக்கு 473 என எண்கள் ஏற்கெனவே உள்ளன. புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயங்களும் இ.எஸ்.ஐ. கழகமும் அதே எண்ணைப் பயன்படுத்தினால் டேங்கர் ஓட்டுநர் தன் தொழிலுக்குத் திரும்பி வருவார்.

சமூகப் பிரிவுக்கான கட்டம் மனுவில் சேர்க்கப்பட வேண்டும். நிரப்புவது விருப்பத்துக்குரியது, தனிநபராக ஒருபோதும் வெளியிடப்படாது, தொகுப்பு எண்ணிக்கையாக மட்டுமே வெளிவரும் என்ற உறுதியுடன் அது அமைய வேண்டும். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் தனிநபர் விலக்கை விரிவாக்கிவிட்டது உண்மைதான். ஆனால் நாம் கேட்பது எவருடைய பெயரையும் அல்ல, எண்ணிக்கையைத்தான். எண்ணிக்கைக்கு அந்தரங்கம் கிடையாது.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மனு வரையும் வழக்கறிஞர்கள் படிவம் கேட்காவிட்டாலும் முதன்மை நிறுவனத்தையும், வேலையின் துல்லியமான தன்மையையும், மனுதாரர் விரும்பினால் சாதியையும் மனுவிலேயே எழுதலாம். முதன்மை நிறுவனத்தை எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் ஒப்பந்ததாரரை மட்டும் சேர்த்து முடிக்கும் பழக்கத்தைக் கைவிடலாம். தொழிற்சங்கங்களும் தலித் அமைப்புகளும் மாவட்டவாரியாக இழப்பீட்டு ஆணைகளைச் சேகரித்து ஒரே அட்டவணையில் சேர்க்கலாம். ஊர்க்கூட்டங்களில் சொல்ல வேண்டியது மூன்றே செய்தி: சவக்கிடங்கு வாசலில் கையெழுத்துப் போடாதீர்கள், உடற்கூறாய்வு இல்லாமல் உடலைப் பெறாதீர்கள், வழக்கை உங்கள் ஊரிலிருந்தே தொடரலாம்.

மலக்குழி மரணங்களை எண்ண வைக்க நமக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் 2014இன் தீர்ப்பும் இல்லை, 2023இன் தீர்ப்பும் இல்லை. எண்ணெய், எரிவாயுத் தொழிலின் கோப்புகள் ஏற்கெனவே அரசு அலுவலக அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைத் திறந்து, வரிசையாக வைத்து, எண்ணத் தொடங்குவதுதான் அடுத்த வேலை.